ஏழாம் எண், ஸ்ட்ரெச்சர்

லேடிஸ்மித் நகர மண்டபத்துப் புல்வெளியில்
பதினோரு பொருள்கள், துணி விரித்த மேசைகளில்.
நாளைக்கு முற்றுகை நடித்துக் காட்டுவார்கள்,
பீரங்கிக்குக்கூட ஒத்திகை முடிந்துவிட்டது.
இன்றைக்குப் போட்டி. விதி ஒரே வரி:
அந்தக் காலக் கருவியால், கையால் செய்திருக்க வேண்டும்,
செய்தது வேலை செய்ய வேண்டும்.

வாரநாளில் நான் தராசு சோதிக்கிறவள்.
கசாப்புக் கடை, தபால் நிலையம், சர்க்கரை மண்டி.
முத்திரை குத்துவேன், இல்லையென்றால் சிவப்புச் சீட்டு.
அதனால்தான் கூப்பிட்டார்கள்.
மிஸஸ் வொஸ்லூ தையலை எண்ணுவார், அங்குலத்துக்கு எத்தனை என்று.
பெகானி தோலை முகர்ந்தே சொல்லிவிடுவார்
பதப்படுத்தியது மரப்பட்டையா, மருந்தா.

லாந்தரை ஏற்றினோம். ஊதினோம். அணையவில்லை.
கித்தான் தண்ணீர்ப்பை என் செருப்பில் ஒழுகியது.
"ஊறினா அடைச்சுக்கும்" என்றார் செய்தவர்.
காத்திருந்தோம். அடைத்துக்கொண்டது.
செருப்புதான் காயவில்லை.
பூட்ஸைப் போட்டு நடக்கச் சொன்னால்
தைத்தவர் காலுக்கே அது நுழையவில்லை.

ஏழாம் எண், ஸ்ட்ரெச்சர்.
பரசு அப்பாவு, லாரி இருக்கைக்கு உறை தைக்கிறவன்.
இரண்டு மூங்கில், மெழுகிட்ட நூல், காக்கிக் கித்தான்,
தோளில் மாட்ட நான்கு வார்.
தலைப்பக்க வார் இரண்டும் நீளம்,
கால்பக்கத்தது ஒரு சாண் குறைச்சல்.
அளவு பிசகு, கழித்தல் ஆறு, எழுதினார் வொஸ்லூ.

நான் படுத்தேன். எண்பத்திரண்டு கிலோ,
தராசுக்காரி பொய் சொல்லக்கூடாது.
தூக்கினார்கள். தலை தாழ்ந்தது,
ரத்தமெல்லாம் நெற்றிக்கு வந்தது.
இருபது அடி போய் இறக்கினார்கள்.
கழித்தல் இன்னும் பத்து.

ஆதாரம் என்ற கட்டத்தில் மற்றவர்கள்
புகைப்படம் ஒட்டியிருந்தார்கள், பழைய கடித நகல்,
அருங்காட்சியக அலமாரி எண்.
பரசு எழுதியிருந்தது ஒரே சொல்:
மலை.

கையெழுத்துப் போடப்போன பேனா நின்றது.
எந்தத் தராசையும் அது நிற்கும் தரையில் வைத்துத்தானே
இத்தனை வருஷம் சோதித்தேன்.

ஊருக்குப் பின்னால் ஒரு குன்று.
ஜனவரி வெயில், உருளும் கல், காலைக் கீறும் புல்.
பெகானி சிரித்துக்கொண்டே தலைப்பக்க வாரில் ஒன்றை மாட்டினார்.
பையில் எப்போதும் கிடக்கும் மட்டக்குழலை
வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மறுபடி படுத்தேன்.
தலை முன்னால், மேலேறினார்கள்.
குமிழி நடுவில்.
கால் முன்னால், இறங்கினார்கள்.
குமிழி நடுவில். என் மூச்சுக்கு மட்டும்
கொஞ்சம் அசைந்தது.

மேற்கே அந்த இன்னொரு மலையிலிருந்து
கரும்புத்தோட்டத்துக் கூலிகளும் கடைக் கணக்கர்களும்
தூக்கி இறக்கினார்களே,
அவர்களில் எத்தனை பேர் தலை சரியாமல் வந்தார்கள்?
படுத்திருந்தபோது இதை நினைத்தேன்.
வந்தவர்களைத்தான் நினைத்தேன்.
தூக்கினவர்களை இல்லை.

எழுந்தபின் பார்த்தேன்.
கால்பக்கத்துப் பையன்கள் இருவருக்கும்
கழுத்தோரம் வார் பதிந்து சிவந்த கோடு.
"யாரை வச்சு சோதிச்சே?"
"நான் படுத்தேன். மைத்துனன்மார் நாலு பேர் தூக்கினாங்க."
"என்ன சொன்னாங்க?"
"கழுத்து போகுதுன்னாங்க. மலைன்னா அப்படித்தான்னேன்."

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
படுக்கிறவருக்குக் கட்டம் இருந்தது.
தாளை இடுப்பில் செருகிக்கொண்டு
குறைச்சலான வாருக்குள் தலையை நுழைத்தேன்.
"இப்ப நீங்க படுங்க, மிஸஸ் வொஸ்லூ."
அவர் கொஞ்சம் யோசித்தார்.
தொப்பியைக் கழற்றினார்.

கோப்பை லாந்தருக்குத்தான் போனது, இரண்டு மதிப்பெண்ணில்.
விதிப்புத்தகத்தில் குன்று கிடையாது.

திங்கட்கிழமை மர்ச்சிசன் தெருவில்
மீன்கடைத் தராசின் குமிழியைப் பார்க்கக் குனிந்தேன்.
நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.
"சரியா இருக்கா?" என்றார் கடைக்காரர்.
தராசு சரியாக இருந்தது.